ஆத்தா சான்பிரான்சிஸ்கோ போக எந்த வழி?

தங்கச்சிக்குத் தை மாதம் பேறுகாலம். கார்த்திகை பிறந்ததும் ஆத்தாவை அனுப்பி வைக்க வேண்டும். இறங்குகிற இடம் சான்பிரான்சிஸ்கோ. அங்கிருந்து ஃப்ரீமான்ட்டுக்கு மாப்பிள்ளை காரில் அழைத்துப் போய்விடுவார். கிளம்புகிற இடம் காரைக்குடிப் பக்கத்துக் கானாடுகாத்தான். இடையில் எந்த வழி என்பதுதான் ஒரு மாதமாக எங்கள் வீட்டு முகப்பில் நடக்கிற பஞ்சாயத்து. அதில் தேறியதை எழுதி வைத்தால், இதே மாதிரி அப்பா அம்மாவை அனுப்பப் போகிற யாருக்காவது உதவுமே என்று தோன்றியது.

ஆத்தாவுக்கு வயது 74. சர்க்கரை, கொதிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. முழங்கால் வலி மட்டும் உண்டு. அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கும்போது தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் செட்டிநாட்டு வீட்டு வளவில் தூணுக்குப் பஞ்சமில்லை. விமானத்தில் ஏது தூண்? தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. துணைக்கும் ஆள் இல்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இருபத்தைந்து வயதுப் பையனுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும்.

முதல் கேள்வியை ஆத்தாதான் கேட்டார்கள். “எம்புட்டுத் தூரம் தம்பி?”

கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன். சென்னை விமான நிலையத்திலிருந்து சான்பிரான்சிஸ்கோ விமான நிலையம் வரை சுமார் 13,900 கிலோமீட்டர் என்று வந்தது. இன்னொரு பக்கத்தில் 8,650 என்று போட்டிருந்தான். சரி, குறுக்கு வழி ஏதோ இருக்கிறது போல என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பார்த்தால் அது மைல். மூன்றாவது இடத்தில் 7,510. அது கடல் மைல். விமானிகளும் மாலுமிகளும் வைத்துக்கொள்கிற கணக்கு, ஒரு கடல் மைலுக்கு 1.852 கிலோமீட்டர். மூன்றும் ஒரே தூரம்தான். இப்படித் தேடுகிறவர்கள் முதலில் அலகைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலகு சரியாகிவிட்டாலும் அந்த எண்ணை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. ஏன் என்று எனக்கே உறைத்தது மகனுடைய பள்ளிக்கூட உலக உருண்டையில்தான். ஆத்தா பட்டாலையில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நூலில் ஒரு துண்டு வாங்கி, ஒரு நுனியைச் சென்னை மேல் வைத்து ஆத்தாவையே பெருவிரலால் அழுத்திக்கொள்ளச் சொன்னேன். மறு நுனியை சான்பிரான்சிஸ்கோ மேல் நான் பிடித்துக்கொண்டேன். நூல் தொளதொளவென்று இருந்தபோது பிலிப்பைன்ஸ், ஹவாய் என்று பசிபிக் கடல் மேல் கிடந்தது. சுவரில் தொங்குகிற உலகப் படத்தைப் பார்த்தால் நமக்கு வழி அப்படித்தான் தோன்றும். மெல்ல இழுத்தேன். நூல் தானாக மேலே நழுவியது. இறுகி நின்றபோது அது போன பாதை: ஆந்திரக் கரை, ஒடிசா, எவரெஸ்ட் ஓரம், திபெத், மங்கோலியா, கிழக்கு சைபீரியா, பேரிங் நீரிணை, அலாஸ்கா, அப்புறம் அமெரிக்க மேற்குக் கரையோரமாகக் கீழே.

ஆத்தா விரலை எடுக்கவே இல்லை. “அமெரிக்காவுக்கு இமயமலை வழியாவா போறது?”

கணக்குப்படி அப்படித்தான். சென்னையிலிருந்து கிளம்பும்போது அந்தக் கோடு வடக்கிலிருந்து 22 பாகைதான் கிழக்கே சாய்கிறது. காசிக்குப் போகிற மாதிரி போய், எவரெஸ்டைத் தொட்டுக்கொண்டு, வடக்கே ஏறக்குறைய 69 பாகை வரை ஏறி இறங்குகிறது. உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் இதைவிடக் குட்டையான கோடு கிடையாது. நூலைக் கழற்றிக் கையில் வைத்து அளந்தால் சரியாக ஒரு சாண். வலைத்தளங்கள் காட்டுகிற ‘விமான தூரம்’ என்பது இந்தச் சாண்தான். அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் போட்டுக் கணக்குப் பார்த்து வருகிற எண். நடுவில் மலை இருக்கிறதா, எந்த நாடு வழி விடும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது எதுவும் அதில் இல்லை.

மலையை எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது, எவரெஸ்ட் ஒன்பதுகூட இல்லை, தாண்டிவிடலாமே என்று தோன்றும். பிரச்சினை, பழுது ஏதாவது வந்தால். கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால் விமானி சில நிமிடங்களில் சுமார் மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு இறக்கியாக வேண்டும். தலைக்கு மேல் தொங்குகிற முகமூடியில் பயணிகளுக்கு உள்ள ஆக்சிஜன் கால் மணி நேரத்துக்கு முன்னே பின்னேதான் வரும். திபெத்தில் தரையே நாலரை கிலோமீட்டர் உயரத்துக்கு மேல். எங்கே இறங்குவது? அதனால் அந்த வட்டாரத்தைப் பெரும்பாலும் சுற்றிக்கொண்டுதான் போகிறார்கள். அதையும் தாண்டினால் ரஷ்யா. 2022-இலிருந்து அமெரிக்க, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடிக் கிடக்கிறது.

அதோடு, சென்னையிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு நேர் விமானமும் கிடையாது. எங்காவது ஒரு இடத்தில் இறங்கி ஏற வேண்டும். ஆகவே எந்த இடத்தில் என்பதுதான் உண்மையான கேள்வி. எங்கள் முகப்பில் அடிபட்ட பெயர்கள் ஹாங்காங், துபாய், லண்டன், சிங்கப்பூர், டெல்லி.

தூரத்தை மட்டும் பார்த்தால் ஹாங்காங்தான் முதலில் நிற்கிறது. சென்னை – ஹாங்காங் 3,700, அங்கிருந்து சான்பிரான்சிஸ்கோ 11,130; கூட்டினால் 14,830 போல வருகிறது. நூலின் நேர் தூரத்தைவிட 900 கிலோமீட்டர்தான் அதிகம். அடுத்தது துபாய், இரண்டும் சேர்த்து சுமார் 15,970. அதில் துபாயிலிருந்து கிளம்புகிற துண்டு மட்டும் 13,000-க்கு மேல். உருண்டையில் நூல் பிடித்தால் கிட்டத்தட்ட வடதுருவத்தின் உச்சந்தலை மேலேயே போகிறது. துபாயும் சான்பிரான்சிஸ்கோவும் ஏறக்குறைய எதிரெதிர் தீர்க்கரேகையில் இருப்பதால் அப்படி. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழி 16,570: முதல் துண்டு 2,980, இரண்டாவது 13,590. லண்டன் வழி 16,870. அது 8,235, 8,635 என்று ஏறக்குறைய சரிபாதியாக உடைகிறது.

பாருங்கள், கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நமக்கு சான்பிரான்சிஸ்கோ உலகத்தின் மறுபக்கம், அதனால்தான். ஹாங்காங்கை விட்டுவிட்டால் மற்ற மூன்றும் 900 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. விமானம் மணிக்கு 900 போகிறது என்று வைத்துக்கொண்டால் அது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காகவா ஒரு மாதம் பஞ்சாயத்து என்று கேட்டால், ஆமாம், முதல் இரண்டு வாரம் அதற்காகத்தான்.

அப்புறம்தான் ஏர் இந்தியா விஷயம் ஞாபகம் வந்தது. 2015 டிசம்பரில் டெல்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு நேர் விமானம் விட்டார்கள். முதலில் ஐரோப்பா, அட்லாண்டிக் வழியாகப் பறந்தது; சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் வழியை மாற்றி கிழக்கே பசிபிக் மேல் பறக்கத் தொடங்கினார்கள். அது சுமார் 15,300 கிலோமீட்டர். தூரம் 1,400 கிலோமீட்டர் கூடிவிட்டது. பயண நேரமோ ஏறக்குறைய இரண்டு மணி குறைந்தது. திரும்பி வரும்போது பழையபடி அட்லாண்டிக் வழி. அதாவது போய் வந்தால் உலகத்தையே ஒரு சுற்று சுற்றியாகிவிட்டது!

காரணம் காற்று. நம் ஊரில் ஆடி மாதம் காரைக்குடியிலிருந்து பள்ளத்தூருக்கு சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே ரோடு, ஒரே தூரம். காற்று முதுகில் இருந்தால் லேசாகப் போகிறது, மூஞ்சியில் இருந்தால் நாக்குத் தள்ளுகிறது. விமானம் பறக்கிற உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் ஜப்பானுக்குக் கிழக்கே அது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. ஆத்தா போகப் போவது கார்த்திகையில். சிங்கப்பூரிலிருந்தோ ஹாங்காங்கிலிருந்தோ கிளம்பினால் அந்தக் காற்று முதுகைத் தள்ளும். லண்டன் வழியாகப் போனால் இரண்டு துண்டிலும் எதிர்க்காற்று. சிங்கப்பூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போக ஏறக்குறைய பதினைந்தரை, பதினாறு மணி. அதே தூரத்தைத் திரும்பி வர பதினேழுக்கு மேல் ஆகிறது. இந்த ஒன்றிலேயே கிலோமீட்டர் கணக்கின் மேல் எனக்கு மரியாதை குறைந்துவிட்டது.

டெல்லி வழியைச் சீக்கிரமே தள்ளிவிட்டோம். டெல்லியிலிருந்து நேரே பறக்கலாம்தான். ஆனால் அதற்கு முதலில் டெல்லி போக வேண்டும். உள்நாட்டு விமானத்தில் இறங்கி, பன்னாட்டுப் பக்கம் போய், அந்த நீள நடையும் வரிசையும் 74 வயது முழங்காலுக்கு ஆகாது. 2025 ஏப்ரல் கடைசியில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பிறகு, டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகிற சில விமானங்கள் நடுவில் ஐரோப்பாவில் எரிபொருள் நிரப்ப இறங்கிப் போனதும் நினைவிருந்தது. சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு 2021 ஜனவரியில் முதல் விமானம் பறந்தபோது எல்லா விமானிகளும் பெண்கள், வடதுருவ வழியாக வந்தார்கள் என்று செய்தி வந்ததே, அது 14,000 கிலோமீட்டர். அந்தச் செய்தி ஆத்தாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் கானாடுகாத்தானிலிருந்து பெங்களூர் விமான நிலையம் போவது தனிப் பயணம்.

இங்கேதான் ஆகாயத்திலிருந்து இறங்கி ரோட்டுக்கு வர வேண்டும். டிக்கெட் ஒப்பிடுகிற தளங்கள் விமான நிலையத்தில்தான் கணக்கைத் தொடங்குகின்றன. நமக்குக் கணக்கு வாசற்படியில் தொடங்குகிறது.

கானாடுகாத்தானிலிருந்து சென்னை விமான நிலையம் கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். காரில் ஏழு மணி நேரம். சாப்பிட, காலை நீட்ட என்று நிறுத்தினால் எட்டு. பல்லவன் எக்ஸ்பிரஸில் காரைக்குடியில் விடிகாலை ஏறித் தாம்பரத்தில் இறங்கலாம். நடுராத்திரி விமானத்துக்கு நண்பகலிலேயே போய் எங்கே உட்காருவது? சென்னையில் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கி, மறுபடி பெட்டியைக் கட்டி, மறுபடி காரில் ஏறி. திருச்சியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறதே என்றான் சித்தப்பா மகன். இருக்கிறது, ஆனால் அதுவும் ஒரு ஏறி இறங்கல்.

திருச்சி விமான நிலையமோ எங்கள் ஊரிலிருந்து 70 கிலோமீட்டர்தான். இதில் இன்னொரு வசதி: அது திருச்சி ஊருக்குள் இல்லை, புதுக்கோட்டை ரோட்டிலேயே இருக்கிறது. திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் தாண்டிப் போனால் ஊர் நெரிசல் தொடங்குவதற்கு முன்பே விமான நிலையம் வந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் வாசலில் இறக்கிவிடலாம். 2024-இல் திறந்த புது முனையம் நல்ல விசாலம். கோயில் கோபுரம், ஸ்ரீரங்கம் என்று சுவரெல்லாம் வண்ணம். வழியனுப்ப வருகிற முப்பது பேருக்கும் வெளியே நிற்க இடம் இருக்கிறது. அதுவும் முக்கியம்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். சென்னை போகிற ரோட்டில் கூடுதலாகச் செலவாகிற ஐந்தரை மணி நேரத்தில் விமானம் கிட்டத்தட்ட 5,000 கிலோமீட்டர் போய்விடும். ஹாங்காங் வழி, சிங்கப்பூர் வழியைவிட 1,740 கிலோமீட்டர் குறைவு என்று நான் பெருமையாகச் சொன்னது ரோட்டிலேயே கரைந்துவிட்டது. காரில் உட்காருவதும் முழங்காலுக்கு உட்காருவதுதானே.

மதுரையையும் பார்த்தோம், சொல்லாமல் விடக்கூடாது. தூரம் திருச்சியைவிடக் கொஞ்சம் கூடுதல். அங்கிருந்து கொழும்பு, துபாய், சிங்கப்பூர் போகலாம். ஆனால் அங்கே இறங்கி அமெரிக்கா வரை ஒரே டிக்கெட்டாக இணைவது எங்களுக்குச் சரியாக அமையவில்லை. விட்டுவிட்டோம்.

அந்த ‘ஒரே டிக்கெட்’ பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் என் பெரியம்மா மகன், ஐயாயிரமோ ஆறாயிரமோ மிச்சம் என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக டிக்கெட் எடுத்தான். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். அவன் இறங்கி ஓடிப் போவதற்குள் இரண்டாவது விமானத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். முதல் நிறுவனம் “நாங்கள் கொண்டுவந்து சேர்த்துவிட்டோமே” என்றது. இரண்டாவது நிறுவனம் “நீங்கள் வரவில்லையே” என்றது. இரண்டு பேர் சொன்னதும் சரிதான். புது டிக்கெட் வாங்கித்தான் போனான். ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. பெட்டியும் கடைசி ஊர் வரை தானாகப் போகும். ஆத்தா மாதிரி மொழி தெரியாத, தனியாகப் போகிறவர்களுக்கு இதில் பேரமே கூடாது. திருச்சி – சிங்கப்பூர் ஸ்கூட்டிலும், சிங்கப்பூர் – சான்பிரான்சிஸ்கோ அதன் தாய் நிறுவனமான சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் என்று ஒரே டிக்கெட்டாகவே எடுக்க முடிகிறது. எடுக்கும்போதே வீல்சேர் வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். அதற்குத் தனிக்காசு கிடையாது. ஆத்தாவுக்கு முதலில் ரோஷம் வந்தது, “நான் என்ன நொண்டியா?” என்று. முழங்காலுக்காக இல்லை ஆத்தா, தள்ளிக்கொண்டு போகிறவருக்கு வழி தெரியும், அதற்காக என்று சொன்ன பிறகு சம்மதம்.

எல்லாம் சிங்கப்பூருக்குச் சாதகமாகப் போய்க்கொண்டிருந்தபோது தங்கச்சி போனில் ஒரு கேள்வி கேட்டாள். “பதினாறு மணி நேரம் ஆத்தா ஒரே இடத்துல எப்படி அண்ணே உக்காருவாக?”

நியாயமான கேள்வி. லண்டன் வழியில் மொத்த நேரம் அதிகம்தான்; ஆனால் அது பதினொன்று, பதினொன்று என்று இரண்டாகப் பிரிகிறது. நடுவில் எழுந்து நடந்து, காலை நீட்டிப் படுத்துவிட்டுக்கூட ஏறலாம். ஹாங்காங் வழியில் நீளத் துண்டு பன்னிரண்டு, பதின்மூன்று மணி. சிங்கப்பூர், துபாய் இரண்டிலும் நீளத் துண்டு பதினாறு. மூட்டு வலிக்காரர்களுக்கு மொத்தத் தூரத்தைவிட நீளத் துண்டு எத்தனை மணி என்பதுதான் பார்க்க வேண்டிய எண். வெகு நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறைகிற ஆபத்தும் உண்டு, வயதானவர்களுக்கு அதிகம். எங்கள் டாக்டரும் அதைத்தான் சொன்னார்: நடைபாதை ஓர இருக்கை, ஒன்றரை இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடை, நிறையத் தண்ணீர், முழங்கால் வரை இறுக்கமான காலுறை. லண்டன் போனாலும் இதெல்லாம் வேண்டும்தானே டாக்டர் என்றேன். வேண்டும் என்றார்.

நான் லண்டன் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். சென்னை ரோட்டு எட்டு மணி நேரத்தை எப்படிச் சமாளிப்பது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

தீர்த்து வைத்தது ஆத்தா. “சிங்கப்பூர்ல நம்ம மீனா வீடு இருக்குல்ல? ரெண்டு நாள் இருந்துட்டுப் போனா என்ன?”

மீனா என் சித்தி மகள். இது ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை என்று இன்னும் வெட்கமாக இருக்கிறது. நாலு தலைமுறையாகக் கொண்டு விற்கப் போன ஊர் அது. எங்கள் ஐயா ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி, பினாங்கு தொட்டு, ஒரு வாரத்துக்கு மேல் கடலில் கிடந்து போய்ச் சேர்ந்த ஊர். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் சேர்ந்து தங்கித் தொழில் பார்த்த கிட்டங்கியில் ஒரு மரப்பெட்டியும் ஒரு பாயுமாகப் பதினொரு வருஷம் இருந்தவர். ஊருக்கு எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி பெயரைத்தான் முதலில் எழுதுவாராம். 1859-இல் செட்டியார்கள் கட்டிய கோயில். ஆத்தா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறார்கள், பார்த்ததில்லை. அந்த ஊரை நாங்கள் வெறும் ‘மாறி ஏறுகிற இடம்’ என்று கிலோமீட்டர் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தோம்.

இரண்டு நாள் தங்கினால் கணக்கே மாறிவிடுகிறது. திருச்சி – சிங்கப்பூர் நாலு மணி நேரம், அது ஒரு தனிப் பயணம். இறங்கிப் படுத்து, குளித்து, சோறு சாப்பிட்டு, கால் வீக்கம் வடிந்த பிறகு பதினாறு மணி. களைப்போடு ஏறுகிற பதினொன்றைவிட இது மேல் என்பது என் கட்சி. டாக்டரும் தலையாட்டினார்.

விசா பற்றி: அமெரிக்க விசா செல்லுபடியில் இருந்து, அடுத்த பயணத்துக்கு உறுதியான டிக்கெட்டும் இருந்தால், இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் சிங்கப்பூரில் 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் வெளியே வர வழி இருக்கிறது. ஆனால் அனுமதிப்பது அங்கே உட்கார்ந்திருக்கிற குடியேற்ற அதிகாரியின் முடிவு. ஆத்தா தனியாக நின்று அவரோடு பேச வேண்டுமே என்று நாங்கள் முறையான விசாவே எடுத்துவிட்டோம். இப்படித் தங்கிப் போனால் பெட்டியை சிங்கப்பூரில் எடுத்துக்கொண்டு மறுபடி ஒப்படைக்க வேண்டும். மீனா வீட்டில் ஆள் இருப்பதால் அது பெரிய வேலை இல்லை.

பெட்டி என்றதும் ஒன்று. இட்லிப்பொடி, பருப்புப்பொடி, சத்துமாவு எல்லாவற்றையும் பெரிய பெட்டியில் போடுங்கள். அமெரிக்கா போகிற விமானத்தில் 350 மில்லிலிட்டருக்கு மேல் பொடியைக் கைப்பையில் கொண்டுபோனால் பரிசோதனையில் நிறுத்துவார்கள், பறிகொடுக்கவும் நேரும். பச்சைக் கருவேப்பிலை அறவே கூடாது. அது எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்துச் செடி. அந்த மரங்களை அழிக்கிற நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டி வரும் என்று அங்கே தடை. சீப்புச்சீடை, மனகோலம் மாதிரிப் பலகாரங்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

திரும்பி வருகிற வழி பாக்கி. ஆத்தா வைகாசியில் வருவார்கள். அதற்குள் வடக்கே வெயில் காலம் தொடங்கி அந்தக் காற்றின் வேகம் தணிந்திருக்கும், இருந்தாலும் எதிர்க்காற்றுதான். சிங்கப்பூர் வழி பதினேழு மணி. மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார்: திரும்பும்போது லண்டன் வழியாக வரட்டும். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து லண்டன் பத்தரை மணி, அங்கிருந்து சென்னை பத்து, இரண்டிலும் காற்று முதுகில். கிழக்கே போனவர் கிழக்கேயே வந்து வீடு சேர்வார். ஏர் இந்தியா விமானம் மாதிரி ஆத்தாவும் உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிடலாம். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் போக ஒரு நிறுவனம், வர ஒரு நிறுவனம் என்றால் கட்டணம் நன்றாகவே ஏறுகிறது. பழகாத இன்னொரு விமான நிலையம் வேறு. கடைசியில் சென்னை ரோடும் காத்திருக்கிறது. போன வழியே வரட்டும் என்று இருவழி டிக்கெட்டாக எடுத்தாயிற்று.

செட்டிநாட்டு மாட்டுப்பண்ணைப் பக்கம் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இன்னும் கிடக்கிறது. அங்கேயே விமானம் விட்டால் இத்தனை பஞ்சாயத்தும் இல்லை என்று சித்தப்பா மகன் தேர்தலுக்குத் தேர்தல் சொல்வான். இப்போதும் சொன்னான்.

கிளம்ப இன்னும் மூன்று வாரம். டேங்க் ரோடு முருகனுக்குச் சாத்தப் பட்டு எடுத்தாயிற்று. மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்தாயிற்று. மீனாவுக்கு இரண்டு டப்பா சீப்புச்சீடை கட்டியாயிற்று. அமெரிக்காவுக்கு என்று இறக்கி வைத்த பெரிய பெட்டி இரண்டாங்கட்டில் திறந்தபடி இன்னும் காலியாகவே கிடக்கிறது.